அறுவைப் பிரசவம் - அன்றும் இன்றும்



பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் சொல். அவர்கள் அதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. லயத்து வீட்டின் பின்னறையில், மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், தங்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். அதே பாட்டிமார் இன்னொன்றும் சொன்னார்கள். வயிற்றில் கத்தி வைத்தால் அவள் வீடு திரும்பமாட்டாள் என்றார்கள். அந்தப் பேச்சை நம்பி, டிரெஸர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்ன பிறகும், விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த குடும்பங்கள் உண்டு. அந்த விடியலைக் காணாமலே கண்மூடிய தாய்மாரும் உண்டு.

பாட்டிமாரின் அச்சம் வெறும் மூடத்தனமா? இல்லை. ஒரு காலத்தில் அது முற்றிலும் உண்மையாகவே இருந்தது. அந்த உண்மை எப்போது, எப்படி மாறியது என்பதை யாரும் நமக்கு விளக்கிச் சொல்லவில்லை. உலகம் மாறிய பிறகும் அச்சம் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. அந்த வரலாற்றையும், அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் தாய் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதையும் இன்று சேர்த்தே பார்ப்போம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இதனைச் சிசேரியன் என்கிறார்கள். உரோமாபுரித் தலைவர் ஜூலியஸ் சீசர் இவ்வாறு வயிற்றைக் கீறிப் பிறந்ததால் இப்பெயர் வந்தது என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் சீசரின் தாய் அவுரேலியா, மகன் வளர்ந்து பெரியவனாகிப் போர்க்களம் செல்லும் வரையில் உயிரோடு இருந்தவர். அந்தக் காலத்தில் வயிற்றைக் கீறப்பெற்ற தாய் பிழைத்திருப்பது நடவாத காரியம். கர்ப்பிணி ஒருத்தி இறந்துவிட்டால், வயிற்றிலுள்ள பிள்ளையை எடுக்காமல் அவளைப் புதைக்கக்கூடாது என்று பழைய உரோமச் சட்டம் ஒன்று சொன்னது. வெட்டுதல் என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்தும் இப்பெயர் வந்திருக்கலாம் என்பர். ஆக, இந்தச் சிகிச்சை தொடக்கத்தில் இறந்த தாய்க்குச் செய்யப்பட்டதே தவிர, உயிரோடு இருக்கும் தாயைக் காப்பதற்காகச் செய்யப்பட்டதன்று.

உயிரோடு இருக்கும் தாய்க்குச் செய்து, தாயும் சேயும் பிழைத்த நிகழ்ச்சிகள் பிற்காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிவாயின. 1826ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஜேம்ஸ் பாரி என்னும் இராணுவ மருத்துவர் இதனைச் செய்து இருவரையும் காப்பாற்றினார். நன்றிக் கடனாக அந்தக் குழந்தைக்கு மருத்துவரின் பெயரையே பெற்றோர் சூட்டினார்கள்.

இதைவிட வியப்பான செய்தி ஆப்பிரிக்காவின் உகாண்டாப் பகுதியிலிருந்து வந்தது. 1879ஆம் ஆண்டில் ராபர்ட் பெல்கின் என்னும் ஆங்கில மருத்துவர் அங்கே ஓர் அறுவைப் பிரசவத்தை நேரில் கண்டார். செய்தவர் பட்டம் பெற்றவர் அல்லர், அவ்வூர் வைத்தியர். அவர் வாழைப்பழ மதுவைத் தாய்க்குக் குடிக்கக் கொடுத்தார். அதே மதுவால் தம் கைகளையும் அவள் வயிற்றையும் கழுவினார். வேலை முடிந்ததும் வயிற்றை இரும்பு ஊசிகளால் சேர்த்துப் பிடித்து, மரப்பட்டை நாரால் கட்டி, வேரை அரைத்துப் பூசினார். பதினோராம் நாள் புண் ஆறிவிட்டதாகப் பெல்கின் எழுதி வைத்தார். கை கழுவுவதன் அருமையை ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்கள் பலர் ஒப்புக்கொள்ளாமல் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. படிப்பில்லாத கிராமத்து அறிவிலும் பொன் கிடைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஐரோப்பாவில் அன்று அறுவைப் பிரசவத்துக்கு உள்ளான தாய்மாரில் பெரும்பாலோர் மாண்டார்கள். அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தாங்க முடியாத வலி. இரண்டாவது, இரத்தப் போக்கு. மூன்றாவது, சீழ் பிடித்து வரும் காய்ச்சல். இந்த மூன்று எதிரிகளையும் மருத்துவம் ஒவ்வொன்றாக வென்ற கதைதான் அறுவைப் பிரசவத்தின் வரலாறு.

வலியை வென்றது மயக்க மருந்து. 1846ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஈதரும், 1847ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் சிம்சன் வழியாகக் குளோரோபாரமும் பயனுக்கு வந்தன. அதே 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவினால் பிரசவக் காய்ச்சல் குறைகிறது என்று காட்டினார். அவரைப் பலர் எள்ளி நகையாடினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1867ஆம் ஆண்டில் ஜோசப் லிஸ்டர் கிருமிகளைக் கொல்லக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்ட பிறகே அந்த உண்மை மெல்ல மெல்ல ஏற்கப்பட்டது.

இரத்தப் போக்கின் கதை இன்னும் வருந்தத்தக்கது. அந்நாளில் மருத்துவர்கள் பிள்ளையை எடுத்த பிறகு கருப்பையைத் தைக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். அது தானே சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். 1876ஆம் ஆண்டில் இத்தாலியில் எதுவார்தோ போரோ என்பவர், பிள்ளையோடு கருப்பையையும் நீக்கி 25 வயதுத் தாய் ஒருத்தியைப் பிழைக்க வைத்தார். உயிர் தப்பியது, ஆனால் மறுபடி பிள்ளை பெறும் வாய்ப்புப் போயிற்று. 1882ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர், கருப்பையையே வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் நன்றாகத் தைத்துவிடலாம் என்று நிறுவினார். தையல் என்பது நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் செய்யும் வேலை. அது பிள்ளை பெற்றவளின் உயிரைக் காக்க மருத்துவத்துக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

பின்னர் வரிசையாகப் பல நன்மைகள் வந்து சேர்ந்தன. 1898ஆம் ஆண்டில் முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்யும் முறை பிறந்தது. 1901ஆம் ஆண்டில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்தார். ஒருவர் இரத்தத்தை மற்றவருக்குத் தருவது அதனால் பாதுகாப்பாயிற்று. 1928ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பென்சிலின், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பொதுமக்களுக்கும் கிடைத்தது. 1920களில் கிளாஸ்கோ நகர மருத்துவர் மன்றோ கெர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையை வலியுறுத்தினார். மேலிருந்து கீழாக நீளமாகக் கீறிய பழைய முறையைவிட இதில் இரத்தப் போக்கும் குறைவு, தழும்பும் வலுவானது. இன்று நம் தாய்மார் பெரும்பாலோர்க்குச் செய்யப்படுவது இந்த முறையே.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிள்ளை பெற முடியாமல் தவிக்கும் தங்கள் மனைவியர்க்கு உதவி கேட்டு ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணிடம் வந்தார்கள். அவர் மருத்துவம் படிக்காதவர். அவருடைய தந்தையோ மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்களைப் பார்க்க அம்மூவரும் இசையவில்லை. மூன்று தாய்மாரும் இறந்தனர். அந்த இரவின் வேதனையால் ஐடா மருத்துவம் படித்து 1900ஆம் ஆண்டில் திரும்பி வந்தார். இன்று புகழ்பெற்று விளங்கும் வேலூர் மருத்துவமனை அவர் தொடங்கியதே. சென்னையில் 1844ஆம் ஆண்டில் தொடங்கிய மகப்பேற்று மருத்துவமனை பின்னர் எழும்பூரில் வளர்ந்து, எண்ணற்ற மருத்துவர்களைப் பயிற்றுவித்தது. அங்கே பணியாற்றிய ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் எழுதிய மகப்பேற்றுப் பாடநூலைப் பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள்.

இனி நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருவோம். 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றோரம் இருந்த புக்கிட் கூடாவுக்கு இரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வேத் தொழிலாளர் குடியேறினர். கிள்ளானைச் சுற்றிலும் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்தபோது அவர் கண்டது மலேரியாக் காய்ச்சலால் துவண்டு கிடந்த மக்களை. அவ்வாண்டில்தான் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதனை நாம் போர்ட் கிள்ளான் என்கிறோம். சதுப்பு நிலத்தை வடித்து, காட்டை அழித்து, கொசுவை ஒழிக்க அவர் செய்த ஏற்பாட்டால் நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் விரைவில் தணிந்தது. தோட்டங்களில் அந்தப் போராட்டம் பல ஆண்டுகள் நீடித்தது.

மலேரியாவுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெரிய தொடர்பு உண்டு. மலேரியா இரத்தத்தைக் குறைக்கும். வெறுங்காலோடு நடப்பவர் உடலில் புகும் கொக்கிப் புழு மிச்ச இரத்தத்தையும் உறிஞ்சும். போதிய உணவும் இல்லை. இரத்தம் வற்றி வெளுத்துப்போன ஒருத்திக்குச் சாதாரணப் பிரசவத்தில் போகும் இரத்தமே ஆபத்து என்றால், கத்தி வைத்தால் என்ன ஆகும்? நம் பாட்டிமார் கண்டது இதுதான். தவிர, அந்நாளில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவள், வீட்டில் இரண்டு மூன்று நாள் போராடி, நீர்ச்சத்து வற்றி, கிருமி உள்ளே புகுந்த பிறகே கொண்டுபோகப்பட்டாள். அவள் இறந்ததும், கொன்றது கத்தி என்று பேர் வந்தது. உண்மையில் கொன்றது தாமதம்.

அன்றைய தோட்டங்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் லயத்து மருத்துவச்சிகளே. அவர்களுள் கைராசிக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் செய்த தொண்டை நாம் மறக்கலாகாது. ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சு வழியை மறைத்து முன்னே கிடந்தாலோ அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது. சில பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது. சில இடங்களில் பல தோட்டங்கள் சேர்ந்து ஒன்றை நடத்தின. டிரெஸர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965ஆம் ஆண்டிலும், மருத்துவச்சிகளுக்கான சட்டம் 1966ஆம் ஆண்டிலும் வந்தன. பயிற்சி பெற்றவர்களே பிரசவம் பார்க்கவேண்டும் என்னும் நிலை அதன்பின் வலுப்பெற்றது.

பெரிய மருத்துவமனைகளும் நெருங்கி வந்தன. கோலாலம்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் 1960களில் மகப்பேற்றுக்கென்று தனி மருத்துவமனை செயல்பட்டது. அதே பத்தாண்டின் இறுதியில் பல்கலைக்கழக மருத்துவமனை எழுந்தது. அங்கே மகப்பேற்றுத் துறைப் பேராசிரியராக விளங்கிய டி. ஏ. சின்னத்துரை நம்மவர்களுள் ஒருவர். கிள்ளானில் 1985ஆம் ஆண்டில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று கோலாலம்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே துங்கு அசிசா மருத்துவமனை இருக்கிறது. தோட்டத்து லாரியில் செம்மண் சாலையில் குலுங்கிச் சென்ற தூரத்தை இன்று ஆம்புலன்ஸ் வண்டி விரைவில் கடந்துவிடுகிறது.

இதன் பயனை எண்கள் சொல்லும். நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில், உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் மாண்டார்கள். அண்மை ஆண்டுகளில், பெருந்தொற்று வாட்டிய 2021ஐ விட்டுப் பார்த்தால், அந்த எண்ணிக்கை 30க்கும் கீழே இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு தாயின் சாவுக்கும் காரணம் என்ன என்று ஆராயும் தேசிய விசாரணை முறை 1991ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. கர்ப்பிணிகளின் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். அது அழகுக்கு அன்று. எவளுக்கு ஆபத்து மிகுதி, எவளை எங்கே அனுப்ப வேண்டும் என்பதற்கான அடையாளம். சிவப்பு என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு என்று பொருள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எல்லாருக்கும் அறுவைச் சிகிச்சை வேண்டுவதில்லை. இன்று உலகில் ஐந்து பிரசவங்களில் ஒன்றுக்கு மேல் இவ்வாறு நடக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் கணக்குச் சொன்னது. தேவையில்லாமல் செய்வது தவறு. தேவைப்படும்போது மறுப்பது அதைவிடப் பெரிய தவறு. காரணத்தை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. கையெழுத்துப் போடும்போது பிள்ளை பெறுகிறவளின் சொந்த ஒப்புதலே முதன்மையானது. கணவரும் மாமியாரும் அவளுக்குத் துணை நிற்க வேண்டும். ஊருக்கு ஆள் அனுப்பிப் பெரியவரைக் கேட்டு வரும்வரை அவளைக் காக்க வைக்கக்கூடாது.

சரி, அறுவைச் சிகிச்சை முடிந்தது. இனி என்ன?

முதுகில் ஊசி போட்டிருந்தால் கால்கள் சில மணி நேரம் மரத்திருக்கும். பயப்பட வேண்டாம், உணர்வு திரும்பி வரும். சிறுநீர் போகக் குழாய் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு நாளில் எடுத்துவிடுவார்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மிஸ்ஸி வந்து எழுந்து நடக்கச் சொல்வார். பச்சைப் புண்ணோடு நடக்கச் சொல்கிறார்களே என்று நம்மவர் குறைப்படுவதுண்டு. படுத்தே கிடந்தால் கால் நரம்பில் இரத்தம் உறைந்து, அது நெஞ்சுக்கு ஏறி உயிரையே வாங்கிவிடும். ஆகவே நடக்கச் சொல்வது இரக்கமில்லாமையால் அன்று, உயிரைக் காப்பதற்கே. இருமும்போதும் சிரிக்கும்போதும் ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டால் வலி குறையும். வலி மாத்திரையை வீரத்துக்காகத் தவிர்க்கவேண்டாம். வலி தாங்கமுடியாதவள் நடக்கமாட்டாள். பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்கவும் தயங்குவாள்.

சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு முதல் நான்கு நாள்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெளியே தோல் ஒன்று சேரப் பத்து நாள் அளவு ஆகும். ஆனால் உள்ளே இருக்கும் தசையும் கருப்பையும் ஆற ஆறு வாரமாவது வேண்டும். முழு வலிமை திரும்பச் சில மாதங்கள் ஆகும். வெளிப்புண் ஆறியதைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஏமாறுகிறோம். இங்கேதான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. ஆறு வாரத்துக்குப் பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர் வாளி, அரிசி மூட்டை, மூத்த பிள்ளை, எதுவும் ஆகாது. பிள்ளை இயற்கை வழியில் பிறக்காவிட்டாலும் தீட்டு இரத்தம் சில வாரம் போகும், அது இயல்பு.

புண்ணைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருக்க வேண்டும். மஞ்சள், சாம்பல், எண்ணெய், பச்சிலை எதையும் அதன்மேல் பூசவேண்டாம். உடலுக்கு வேப்பிலை போட்ட வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது நல்ல வழக்கம்தான். ஆனால் மருத்துவமனையில் குளிக்கலாம் என்று சொன்ன பிறகே செய்யவேண்டும். குளித்ததும் புண்ணை மெல்ல ஒற்றி உலர்த்த வேண்டும். வயிற்றை இறுக்கிக் கட்டுவது நம்மவரிடமும் மலாய்க்காரரிடமும் உள்ள வழக்கம். புண் ஆறுமுன் இறுக்கிக் கட்டவேண்டாம். தாதியைக் கேட்டுச் செய்யுங்கள். சூடான கல் ஒத்தடத்தை வயிற்றுத் தழும்பின்மேல் வைக்கவே கூடாது. அங்கே தோல் மரத்திருப்பதால், சுடுவது தெரியாமலே வெந்துபோகும்.

உணவு பற்றிச் சில சொற்கள். பத்தியம் என்று சொல்லி வெறும் சோறும் மிளகு ரசமும் கொடுத்தால் புண் எதைக் கொண்டு ஆறும்? புரதம் வேண்டும். முட்டை, கோழி, மீன், பருப்பு, கீரை எல்லாம் வேண்டும். இந்நாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூவினத்தாரும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் விரால் மீனைத் தேடி வாங்குவார்கள். ஹருவான் என்று சந்தையில் கேட்டால் யாரும் எடுத்துத் தருவார்கள். நம் பால்சுறாப் புட்டும், பூண்டும், முருங்கைக் கீரையும் குறைந்தவை அல்ல. ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று பிள்ளை பெற்றவளைத் தாகத்தில் வாட்டுவது பெரும் பிழை. தண்ணீர் இல்லாமல் பாலும் ஊறாது, மலச்சிக்கலும் வரும். முக்கினால் புண்ணுக்குத் தொல்லை. சில வீடுகளில் உடம்பு வலிக்குப் பிராந்தி கொடுப்பதுண்டு. அது தாய்ப்பால் வழியே குழந்தைக்கும் போகும், வேண்டாம்.

சீம்பாலைக் கறந்து கொட்டக்கூடாது. அறுவைச் சிகிச்சை ஆன தாய்க்குப் பால் நன்றாகச் சுரக்க ஓரிரு நாள் கூடுதலாகலாம். பிள்ளையை மீண்டும் மீண்டும் மார்பில் விடுவதே மருந்து. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டோ, பிள்ளையைக் கக்கத்தோரம் அணைத்துக்கொண்டோ கொடுத்தால் புண்ணில் பாரம் படாது. மலாயாவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் ஒரு கூட்டத்தில், தாய்ப்பாலை விட்டுக் குழந்தைக்கு டின்பால் ஊட்டவைக்கும் வணிகத்தைக் கடுமையாகச் சாடினார். இனிப்பு டின்பாலைக் கரைத்து ஊட்டிய பழக்கத்தால் நம் தோட்டங்களிலும் எத்தனையோ பிஞ்சுகள் வாடின.

வேலைக்கு எப்போது திரும்புவது? இதுதான் கூலி வீட்டின் பெரிய கேள்வி. விடியற்காலையில் எழுந்து பால்வெட்டி, இரு பக்கமும் வாளி தொங்கக் கம்பைத் தோளில் சுமந்த அந்தக் காலத் தாய்மார் பலர், உள்தையல் ஆறுமுன்பே பிரட்டுக்குப் போய் நின்றார்கள். இன்று செம்பனைத் தோட்டத்தில் உர மூட்டை தூக்குவதும், குனிந்து உதிரிப்பழம் பொறுக்குவதும் அதற்குக் குறைந்த வேலை அல்ல. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு 60 நாள் விடுப்பு அளித்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்ப மலேசியாவில் அது 98 நாளாக, அதாவது பதினான்கு வாரமாக உயர்ந்திருக்கிறது. கணவருக்கும் ஏழு நாள் விடுப்பு உண்டு. இதற்குரிய நிபந்தனைகளைத் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ கேட்டறியலாம். இது யாரும் போடும் பிச்சை அன்று; சட்டம் தந்த உரிமை. அரைநாள் கூலிக்காக அதனை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடுத்த பிள்ளையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஒருமுறை அறுவை என்றால் எப்போதும் அறுவைதான் என்னும் கருத்தை 1916ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதினார். நீளமாகக் கீறிய காலத்துக்கு அது பொருந்தியது. குறுக்குக் கீறல் வந்தபின் பல தாய்மார் அடுத்த முறை இயற்கையாகவே பெறுகிறார்கள். ஆயினும் இருவர்க்கும் இடையில் போதிய காலம் விடவேண்டும். குறைந்தது ஒன்றரை ஆண்டு கழித்தே மறுபடி கருத்தரிப்பது நலம். அடுத்த பிரசவத்தை மருத்துவமனையில்தான் பார்க்கவேண்டும். பழைய தழும்பு உள்ளே பிரிந்தால் நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து.

கடைசியாக, காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளைச் சொல்கிறோம், மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். குளிர்காய்ச்சல், புண் சிவந்து வீங்குதல், சீழ், துர்நாற்றம், தையல் பிரிதல், ஒரு மணி நேரத்துக்குள் துணி நனையும் அளவு இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கடுந்தலைவலியோடு கண் மங்குதல். இன்னொன்று, வெளியே தெரியாத நோய். காரணமில்லாமல் அழுகை, தூக்கமின்மை, பிள்ளையைப் பார்க்கவே வெறுப்பு, செத்துவிடலாம் என்னும் எண்ணம். இதனைப் பேய்க்கோளாறு என்று மறைக்காதீர்கள். இதற்கும் மருந்து உண்டு. வீட்டுக்கு வரும் தாதியிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு சொல் நம் பெண்களை இன்னும் சுடுகிறது. வலி தின்று பெற்றவளே தாய். வயிற்றைக் கீறிப் பெற்றவள் என்ன தாய் என்று கேட்கிறார்கள். ஏழு எட்டு அடுக்கு உடல் கீறப்பட்டு, அந்தப் புண்ணோடு மறுநாளே எழுந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் எந்தத் தாய்க்கும் குறைந்தவள் அல்லள். அன்று நம் பாட்டிமார் கத்திக்கு அஞ்சியதில் நியாயம் இருந்தது. இன்று அஞ்ச வேண்டியது தாமதத்துக்கும், அழுக்குக்கும், வாய்திறவாமைக்கும். இந்த மூன்றையும் நம் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டால், பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்னும் பழமொழி, பிழைத்து எழுந்த மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லாக மாறிவிடும்.